இராஜரத்தினம் ஐயா சேர்த்த வரி

துபாயில் அல் கூஸ் பகுதியில் எங்கள் அலுவலகம் ஒரு டயர்க் கிடங்குக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே லாரியிலிருந்து டயர் இறக்கும்போது மேசைகள் லேசாக அதிரும். பழகிப்போனதால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இராஜரத்தினம் ஐயா மட்டும் ஒவ்வொரு முறையும் தேநீர்க் கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொள்வார். அப்போதும் கண் திரையைவிட்டு நகராது.

யாழ்ப்பாணத்தில் கரவெட்டிக்காரர். அறுபதைத் தாண்டிவிட்டார். மனைவி கொரோனாக் காலத்தில் தவறிப்போனார். மகள் லக்சிகா ஷார்ஜாவில் லண்டன் ஏ லெவல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விசா அப்பாவின் விசாவில் தொங்கியது, அப்பாவின் விசா இந்த வேலையில் தொங்கியது. அந்த வயதில் இன்னொரு கம்பெனி விசா கொடுக்காது என்று அவருக்குத் தெரியும். "ஜூன் நடுப்பகுதியிலை அவளின்ரை கடைசிப் பேப்பர். அதுவரைக்கும் இந்தக் கதிரை ஆடாமல் இருந்தாக் காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டிருப்பார். எந்நேரமும் களைப்பாகவே தெரியும் மனிதர். காலையில் வரும்போதே மாலையில் போகிறவரைப் போல இருப்பார்.

நாங்கள் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அமெரிக்கா தனி நாடான புதிதில், அதன் போர்த்துறை அலுவலகத்துக்கு வந்த கடிதங்களும் அங்கிருந்து போன கடிதங்களும் எங்கள் திரையில் படங்களாக வரும். ஆயிரத்து எண்ணூறாம் வருடக் கடைசியில் அந்த அலுவலகம் தீப்பிடித்து, உள்ளே இருந்த காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. ஆனால் கடிதம் என்பது இரண்டு பக்கத்திலும் இருப்பதுதானே. அலுவலகம் அனுப்பியது பெற்றவரின் வீட்டில் கிடந்தது. அலுவலகத்துக்கு வந்ததன் நகல் அனுப்பியவரின் பெட்டியில் கிடந்தது. அவற்றைத் தேடிப் படம் எடுத்து, எரிந்த அலுவலகத்தை மறுபடி சேர்த்துக்கொண்டிருந்தது ஒரு பல்கலைக்கழகம். படத்தில் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வது எங்கள் பொறுப்பு.

இது ஏன் துபாய்க்கு வந்தது என்று கேட்டால் எங்கள் பொறுப்பாளர் சம்யுக்தா மேடம் சிரிப்பார். அவர் சென்னைக்காரர், எம்.ஏ. படித்தவர். "அமெரிக்காக்காரன் லண்டன்காரன்கிட்ட குடுத்தான். லண்டன்காரன் நம்மகிட்ட குடுத்தான். நமக்குக் கீழ யாரும் கிடைக்கல, அதனால நாமளே அடிக்கிறோம்."

ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஐயா ஒருவர், நான் ஒருத்தி. பிறகு கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசம் உள்ள இடத்தைச் சிவப்பில் காட்டும். நான் இலங்கை மலையகத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள். வீட்டு வேலைக்கு வந்து, பிறகு இந்த வேலைக்கு மாறினேன். இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், பொருள் பாதிதான் தெரியும். கண்ணுக்குத் தெரிந்த எழுத்தை அடிப்பேன். ஐயா அப்படியல்ல. துபாயிலேயே சத்வா பகுதியில் ஒரு டைப்பிங் சென்டரில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருந்தவர். விசா மனு, லேபர் புகார், தூதரகக் கடிதம் எல்லாம் அவர் கையால் போயிருக்கின்றன. எல்லாம் போனிலேயே செய்யலாம் என்று வந்தபிறகு அந்தக் கடையை மூடிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் அடிப்பதற்கு முன்னால் கடிதத்தை முழுவதும் வாசிப்பார். வாசித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுவார். பிறகுதான் விரல் ஓடும்.

முதலில் வந்தவை அதிகாரிகளின் கடிதங்கள்; அப்போது சம்யுக்தா மேடம் சிவப்பு இடங்களை எல்லாம் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வேலை குவிந்தபோது அதற்கு நேரம் இல்லை. இங்கிலீஷ் தெரிந்தவர் ஐயாதானே என்று, வித்தியாசம் வந்தால் அவருடையதையே எடுத்துக்கொள்ளும்படி கம்ப்யூட்டரில் மாற்றி வைத்துவிட்டார்.

ஒரு நாள் நான் அவர் திரையை எட்டிப் பார்த்துக் கேட்டேன்.

"ஐயா, உங்க பக்கத்துல கடைசியில ஒரு வரி கூட இருக்குங்களே. படத்துல காணோமே."

"அது உமக்குத் தெரியாது பிள்ளை."

"மை மங்கிருச்சுங்களா?"

"மையும் இல்லை, மண்ணும் இல்லை. இவன் ஒரு நொண்டிப் பட்டாளத்துக்காரன். தன்ரை பட்டாள விடுதலைப் பத்திரம் உங்கடை ஒபீசிலை எரிஞ்சு போச்சு, இன்னொண்டு தா எண்டு கேக்கிறான். இப்பிடி மொட்டையாக் கேட்டா ஆர் பைலைத் திறப்பான்? ஒரு சின்ன உதவி செய்து விட்டனான்."

அவர் பகிடி விடுகிறார், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பகிடி விட்டால் முகத்தில் எதுவும் தெரியாது.

சத்வாக் காலத்தைப் பற்றி அவர் சொன்ன கதைகள் உண்டு. தொழிலாளர் கேம்பிலிருந்து ஒருவன் வந்து நின்று, "கம்பெனி வச்சிருக்கிற என் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரச் சொல்லு, இல்லேன்னா போலீசுக்குப் போவேன்னு எழுது" என்பானாம். ஐயா அதைக் கேட்டுக்கொண்டு, தங்கள் மேலான கவனத்துக்கு என்று தொடங்கி, பணிவுடன் என்று நடுவில் வைத்து, தயவுகூர்ந்து ஆவன செய்யும்படி வேண்டுகிறேன் என்று முடிப்பாராம். போலீஸ் எங்கே என்று அவன் கேட்டால், "போலீஸ் உள்ளுக்குள்ளை இருக்கு, பயப்பிடாதை" என்பாராம். அவர் எழுதிய மனுக்கள் பெரும்பாலும் மறுக்கப்பட்டுத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெயரால்தான் வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் அவர் முன்னால் வரிசை நின்றது.

பிப்ரவரி மாதம் ஒரு காலை, சம்யுக்தா மேடம் கரக் சாயும் சமோசாவும் வாங்கி வந்தார். அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் வேலையைப் பாராட்டி எழுதியிருந்தார். மேடம் நடு அறையில் நின்று அதைத் தமிழில் சொன்னார்.

"கேளுங்க, சூப்பர் விஷயம். நாம அடிச்ச லெட்டர்ஸை எல்லாம் சேர்த்துப் படிச்சிருக்காரு. அதுல ஏழைச் சிப்பாய்ங்க, சிப்பாய்ங்களோட விதவைங்க எழுதின லெட்டர் எல்லாம் ஒரே மாதிரி முடியுதாம். வேற வேற ஊரு, வேற வேற வருஷம். ஆனா கடைசி வரி ஒண்ணேதான், 'தயவுகூர்ந்து ஆவன செய்யும்படி வேண்டுகிறேன்'னு. அப்போ எழுதத் தெரியாத இவங்களுக்காக யாரோ ஒரு ஆளு ஊர் ஊராப் போய் எழுதிக் குடுத்திருக்கணும்னு சொல்றாரு. அந்த ஆளைக் கண்டுபிடிக்கப் போறாராம். கட்டுரை எழுதப் போறாராம். நம்ம கம்பெனிக்கு நன்றி போடுவாராம்!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஐயா தட்டவில்லை. அவர் சமோசாவைக் காகிதத்தோடு மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

"ஐயா, அப்ப அது பகிடி இல்லீங்களா?"

"எது?"

"வரி."

அவர் கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். நிரம்பி வழிந்தபிறகுதான் குழாயைவிட்டுக் கையை எடுத்தார்.

"சொல்லாமல் விட்டா என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் நடக்காதுங்க. பாப்பாவோட பரீட்சை முடியட்டும். பொறவு பாத்துக்கலாம்."

"அந்த மனுசன் அதுக்குள்ளை அதைப் புத்தகமா எழுதிப் போடுவானே பிள்ளை. இல்லாத ஒருத்தனைத் தேடி ஊர் ஊராத் திரிவான்."

"அவரு திரிஞ்சா திரியட்டுமேங்க. சம்பளம் வாங்குறாருல்ல."

அவர் சிரித்தார். ஆனால் அன்று மாலை, ஏசி பழுதாகித் திறந்தே கிடந்த மேடத்தின் அறைக்குள் போய் நின்றார். என் மேசை வாசலை ஒட்டி இருந்தது.

"அந்த ஆள் நான்தான் பிள்ளை."

"எந்த ஆள் சார்?"

"புரொபசர் தேடுற ஆள்."

மேடம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மௌஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. படங்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ சார். எத்தனை லெட்டர்ல?"

"கணக்கு வைக்கேல்லை. ஏழைகள் எழுதின எல்லாத்திலையும் இருக்கும். கடைசி வரி மட்டும் இல்லை, இடையிலையும் கொஞ்சம் நல்ல சொல்லுகள் போட்டிருப்பன். அதிகாரிகள் எழுதினதிலை கை வைக்கேல்லை. அவைக்கு உதவி தேவையில்லைத்தானே."

"உதவியா? இருநூறு வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்க சார்! அவங்களுக்கு நீங்க என்ன உதவி செய்யறீங்க?"

"கை பழகிப் போச்சு."

"பழகிப் போச்சா? உங்களை நம்பித்தானே நான் செக் பண்றதையே நிறுத்தினேன்? இப்போ என் பேர்லதான் வரும். 'யார் சிஸ்டத்தை மாத்தினது'ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. நான் செய்தது."

"உங்க பொண்ணுக்கு எக்ஸாம் இருக்குல்ல?"

ஐயா வெளியே வந்து தன் கதிரையில் உட்கார்ந்து, அன்றைய கடிதத்தில் விட்ட இடத்திலிருந்து அடிக்கத் தொடங்கினார்.

அடுத்த வாரம் முழுவதும் மின்னஞ்சல்கள் போய்வந்தன. பேராசிரியர் ஒற்றை வரியில், தகவலுக்கு நன்றி, திருத்திய பிரதிகளை எதிர்பார்க்கிறேன் என்று எழுதினார். பல்கலைக்கழகம், ஒருவர் அடித்தது மட்டும் போதாது, ஐயா அடித்த எல்லாவற்றையும் திரும்ப அடித்துத் தர வேண்டும், ஜூன் மாதக் கடைசியோடு திட்டம் முடிகிறது என்றது. முதலாளி, இந்த ஆளை உடனே அனுப்பு, புது ஆளைப் போடு என்றார். கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் அஹ்சன் பாய் மேடத்தின் வாசலில் வந்து நின்றார். அவர் முல்தான்காரர், உருதுவில்தான் பேசுவார். ஐயாவின் விசாவை ரத்துசெய்யக் காகிதம் தயார் செய்யவா என்று கேட்டார்.

"மேடம், அங்கிள் கா கேன்சல் பேப்பர் பனாவூங்?"

"ருக்கோ பாய்," என்று அவரை நிறுத்தினார் மேடம். பிறகு முதலாளியோடு போனில் பேசினார். இந்தக் கையெழுத்தைப் படிக்க ஒரு புது ஆளைப் பழக்கவே இரண்டு மாதம் ஆகும், செய்தவரே திருத்தட்டும், திருத்தி முடித்த அன்றைக்கு விசா கேன்சல் என்றார். முதலாளி ஒத்துக்கொண்டார்.

அப்படியாக வேலை முடியும் நாளும் விசா முடியும் நாளும் ஒன்றாயின. மேடம் போட்ட கணக்கில் ஏப்ரல் கடைசியில் வேலை தீர்ந்துவிடும். லக்சிகாவின் முதல் பரீட்சையே மே மாதத்தில்தான். கேன்சல் ஆனபிறகு தரும் அவகாசம் அவளுடைய கடைசிப் பேப்பர் வரை எட்டாது. மகளிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது என்று பிறகு சொன்னார்.

திருத்துவது சுலபம் என்று நினைத்தோம். படத்தைப் பார்த்து, சேர்த்ததை எடுத்தால் போதும். முதல் நாள் அவர் திருத்தியதை நான் என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மறுபடி சிவப்பு. பழைய வரியை எடுத்திருந்தார். ஆனால் நடுவில், எங்கேயும் இல்லாத ஒரு 'பணிவுடன்' புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

"நான் போடேல்லை" என்றார் ஐயா.

"உங்க கைதானுங்களே போட்டிருக்கு."

"அது என்னைக் கேக்காமல் போடுது. வாசிச்ச உடனை போடுது."

கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "வாசிக்காமல் அடிக்கிற வழி ஏதும் இருந்தாச் சொல்லும்."

பிறகு அவரே அந்த வழியைக் கண்டார். படத்தை நான் பார்ப்பது, அவர் பார்க்கக் கூடாது. நான் ஒவ்வொரு வரியையும் கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சொல்லை அடித்ததும் கர்சரை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், அதற்கு முந்திய சொல்லை அடிப்பார். அப்படிச் செய்தால் பொருள் சேராது, கை எதையும் நுழைக்காது.

"வலத்திலையிருந்து இடத்துக்கு. அரபுநாட்டிலை இவ்வளவு காலம் இருந்ததுக்கு இப்பதான் ஒரு பிரயோசனம்" என்றார்.

இந்த வேலைமுறையைப் பார்த்து அஹ்சன் பாய் தலையில் அடித்துக்கொண்டார். மெதுவான வேலை. ஒரு பக்கம் முடிவதற்குள் என் தொண்டை வறண்டுவிடும். நோன்பு மாதத்தில் அலுவலகம் சீக்கிரம் மூடியது. வேலை நீளும் என்பதால் அந்த நேரக் குறைவு எங்களுக்கு வசதியாகவே இருந்தது. மதியத்துக்குப் பிறகு ஐயாவின் தோள் மேலும் கீழே இறங்கிவிடும். சில நேரம் நான் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டே இருப்பேன், விசைச் சத்தம் கேட்காது. திரும்பிப் பார்த்தால் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார். எழுப்பமாட்டேன். எழுந்ததும் அவரே, "எந்த எழுத்திலை நிண்டனாங்கள்?" என்பார்.

அந்த நொண்டிச் சிப்பாயின் கடிதமும் வந்தது. நான் கடைசியிலிருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் ஐயா கையை எடுத்தார்.

"ஆரெண்டு தெரிஞ்சிட்டுது. மறுபக்கத்தாலை வந்தாலும் இவன் நொண்டித்தான் வாறான்."

"அடிங்க ஐயா."

"பொறும்." எழுந்து மேடத்தின் அறைக்குப் போனார். "பிள்ளை, இவன் ஒருத்தனுக்கு மட்டும் அந்த வரியை விடுவமே. கேக்கிறதைச் சரியாக் கேக்கக்கூடத் தெரியாதவன்."

"முடியாது சார்."

"அப்ப இவனுக்குப் பத்திரம் கிடைச்சுதா எண்டாவது பார்ப்பமே. பதில் கடிதம் ஏதும் இருக்கா?"

மேடம் தேடிப் பார்த்தார். அலுவலகக் குமாஸ்தா எழுதிய பதில் இருந்தது. அந்தப் பதிவுகள் எரிந்துபோயின. உங்கள் படைத்தலைவரிடம் நகல் இருந்தால் வாங்கி அனுப்பவும். அவ்வளவுதான். படைத்தலைவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று வேறு ஒரு கடிதத்தில் இருந்தது. அதற்குப் பிறகு சிப்பாயைப் பற்றி எதுவும் இல்லை.

ஐயா திரும்பி வந்து மீதிச் சொற்களை அடித்தார். முடித்துவிட்டு முன்னிருந்து ஒரு முறை வாசித்தார். அந்தக் கடிதம் பத்திரம் தா என்று கேட்டுவிட்டு, பெயரோடு நின்றது. "சரி. அவன் இப்பிடித்தான் கேட்டவன்" என்றார். அன்றைக்கு அதற்குமேல் வேலை செய்யவில்லை.

மே மாதம் பிறந்தபோது லக்சிகாவுக்குப் பரீட்சை தொடங்கியது. எங்களிடம் இரண்டே கடிதக் கட்டுகள் மிச்சம் இருந்தன. அஹ்சன் பாய் வாரத்துக்கு ஒரு தடவை வந்து, "கித்னா பாக்கி, அங்கிள்?" என்று எவ்வளவு மிச்சம் என்று கேட்பார். ஐயா உள்ளதை உள்ளபடி சொல்வார். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லவா என்று நான் கேட்டேன். "வேண்டாம். ஒருக்கா இல்லாததைக் கூட்டிச் செய்து பட்டது காணும்" என்றார்.

கடைசிக் கட்டையும் முடித்து அனுப்பிய நாள், இரவு நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். மறுநாள் காலை அந்தக் கட்டு அவருடைய திரைக்குத் திரும்பி வந்திருந்தது. மேல் ஓரத்தில், மீண்டும் சரிபார்க்கவும் என்று மேடம் குறிப்புப் போட்டிருந்தார்.

நாங்கள் முழுவதும் பார்த்தோம். எனக்கும் அவருக்கும் எங்கேயும் சிவப்பு இல்லை. அனுப்பினோம். அடுத்த வாரம் அதற்கு முந்திய கட்டு வந்தது. அதிலும் எதுவும் இல்லை. அனுப்பினோம். மறுபடி கடைசிக் கட்டு வந்தது. ஐயா எழுந்து வாசலில் போய் நின்றார்.

"பிள்ளை, இதிலை ஒரு பிழையும் இல்லையே."

மேடம் தலை நிமிரவில்லை. "இருக்கும் சார். பாருங்க."

"ரெண்டு தரம் பார்த்திட்டம்."

"மூணாவது தரம் பாருங்க. எனக்குத் திருப்தி ஆகல. நான் திருப்தி இல்லேன்னு எழுதிருக்கேன், முதலாளிக்கும் காப்பி போட்டிருக்கேன். நான் சைன் பண்ணாம வேலை முடியாது, தெரியும்ல?"

ஐயா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் ஏதோ ஒரு காகிதத்தைத் தேடுவதுபோல மேசையைக் கிளறினார். பின்னால் நின்ற அஹ்சன் பாய், "க்யா ஹுவா, அபீ பீ பாக்கி?" என்று, இன்னுமா மிச்சம் என்பதுபோல் கேட்டார்.

"ஓம். இருக்கும்" என்றார் ஐயா. வந்து உட்கார்ந்தார். "சொல்லும் பிள்ளை, கடைசி வரியிலையிருந்து."

பிழை இல்லாத அந்தக் கடிதங்களை மே மாதத்தின் மிச்ச நாளெல்லாம், ஜூனில் பாதியும் பார்த்தோம். இரண்டு கட்டுகளும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. ஒன்றும் செய்யாமல் உட்காரவும் முடியாது, செய்வதற்கும் ஒன்றும் இல்லை. அதுதான் அவரை இன்னும் களைக்க வைத்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள், "வயலுக்குத் தண்ணி இறைக்கலாம் பிள்ளை. கடலுக்கு இறைக்கிறதுதான் கஷ்டம்" என்றார். ஆனாலும் ஒரு கடிதத்தைக்கூட அவர் பார்க்காமல் தள்ளியதில்லை.

லக்சிகாவின் கடைசிப் பேப்பர் முடிந்த நாள், மதியத்துக்கு முன்பே மேடம் அந்தக் கட்டுகளில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார். அஹ்சன் பாய் காகிதத்தோடு வந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். எனக்கு வர வேண்டியது எல்லாம் வந்துவிட்டது, இந்தக் கம்பெனிமேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்று அதில் இருந்ததாம். ஐயா அதை முழுவதும் வாசித்தார்.

"சப் கா சேம் ஹை, அங்கிள். யல்லா." எல்லாருக்கும் இதே காகிதம்தான் என்று அஹ்சன் பாய் அவசரப்படுத்தினார்.

"தெரியும். ஆனா இது என்ரை பேரிலை இருக்கிறது. வாசிக்க விடும்."

வாசித்து முடித்துக் கையெழுத்திட்டார். மேடம் அறையிலிருந்து வெளியே வந்து பக்கத்தில் நின்றார்.

"ஊர்ல போய் என்ன பண்ணப் போறீங்க சார்?"

"படுக்கப் போறன். முதல் ஒரு மாசம் படுக்கிறதுதான். பிறகு யோசிப்பம்."

மேடம் தலையை ஆட்டினார். ஐயாவும் ஆட்டினார்.

லக்சிகா பள்ளி உடுப்போடு படிக்கட்டில் வந்து நின்றாள். வெயிலில் பஸ்ஸிலிருந்து நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது.

"எப்பிடிப் பிள்ளை?"

"ஓகே அப்பா. லாஸ்ட் கொஸ்டினுக்கு டைம் காணேல்லை."

"காணாதுதான்" என்றார் அவர்.

அவள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு படி இறங்கியதும் அவள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அவர் மறுக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் மெதுவாக இறங்கினார்.